கடைசியாக வருபவரின் வேகம்

மாலை வேளையில் குழுவாகச் சைக்கிள் ஓட்டும் வழக்கம் பெருநகரங்களைத் தாண்டிச் சிறு நகரங்களிலும் பரவி வருகிறது. பணியில் இருப்போர், ஓய்வுபெற்றோர், மாணவர் எனப் பலரும் சேர்ந்து செல்லும் இப்பயணம் உடலுக்கு நலம் தருவது, செலவும் குறைவு. எனினும், பகலொளி மங்கும் நேரத்தில், ஊர்திகள் விரையும் சாலையில் செல்வதால் இதற்கு முறையான திட்டம் வேண்டும். அத்திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதை எளிய கணக்கு ஒன்றின் வாயிலாகக் காண்போம்.

முதலில் ஒரு கணக்கு

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், அவ்வூரார் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரு சென்று பணியாற்றி இரவில் திரும்புகின்றனர். அத்தகையோருக்கு மாலைப் பயணம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வாய்க்கும். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளைச் சேர்ந்த பத்துப் பேர், நவம்பர் மாத ஞாயிறு ஒன்றில் மாலை 4.30 மணிக்குப் புறப்பட்டுப் பங்காரப்பேட்டை வரை சென்று திரும்புவதாகக் கொள்வோம். போக வர ஏறத்தாழ 30 கி.மீ.

குழுவில் விரைவாக ஓட்டுபவரின் வேகம் மணிக்கு 18 கி.மீ. எனில், அவர் 1 மணி 40 நிமிடத்தில், அதாவது 6.10 மணிக்குத் திரும்பிவிடுவார். நவம்பரில் அங்கே சூரியன் மறைவது ஏறக்குறைய 5.50 மணிக்கு; அதன்பின் அந்தியொளி சுமார் 20 நிமிடங்களே நீடிக்கும். ஆகவே, அவர் வெளிச்சத்திலேயே வீடு சேர்வார். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் வருபவரோ 6.10 மணிக்கு 20 கி.மீ. மட்டுமே கடந்திருப்பார். எஞ்சிய 10 கி.மீ. தொலைவையும் அவர் இருளில், தனியே கடக்க நேரிடும். குழுவாகப் புறப்பட்டதன் பயன் அவருக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காமற்போகிறது.

தீர்வும் இக்கணக்கிலேயே உள்ளது. புறப்படும் நேரத்தை 3.40 மணிக்கு மாற்றலாம். அல்லது பாதையை 20 கி.மீ. ஆகக் குறைக்கலாம். எவ்வாறாயினும், திட்டத்தின் அடிப்படை கடைசியாக வருபவரின் வேகமே.

முன்னும் பின்னும்

வழி அறிந்த ஒருவர் முன்னே செல்ல, அனுபவம் மிக்க மற்றொருவர் இறுதியில் வரவேண்டும். இறுதியில் வருபவரைக் கடந்து எவரும் பின்தங்கலாகாது. பங்ச்சர் ஒட்டும் பொருள்களும் காற்றடிக்கும் பம்பும் அவரிடம் இருத்தல் நன்று. ஒவ்வொரு சந்திப்பிலும் முன்னவர்கள் ஓரமாக நின்று, அனைவரும் வந்தபின்னரே நகரவேண்டும்.

எதிர்க்காற்று வீசும்போது முன்னே செல்பவரே காற்றின் தடையை மிகுதியாக ஏற்கிறார். பின்னே வருபவருக்கு உழைப்பு குறைகிறது. எனவே வலிமையுள்ளோர் முறைவைத்து முன்னே செல்வதும், தளர்ந்தவரை நடுவில் அமர்த்துவதும் நல்ல குழுவின் இலக்கணம். தங்கவயலில் காற்று மிகுந்த நாட்களில் சயனைடு மேடுகளிலிருந்து தூசு பறக்கும். அந்நாட்களில் காற்று வீசும் திசையில் அம்மேடுகளை ஒட்டிய பாதையைத் தவிர்ப்பது நலம்.

மணிக்கு 18 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 5 மீட்டர். முன்னவர் திடீரென நின்றால், பின்னவர் அதை உணர்ந்து பிரேக்கை அழுத்துவதற்குள் பல மீட்டர் கடந்துவிடும். ஆகவே குழி, வேகத்தடை, எதிர்வரும் ஊர்தி ஆகியவற்றை முன்னவர் கைச்சைகையாலும் குரலாலும் அறிவிக்கவேண்டும். பின்னவர் அதை வாங்கி அடுத்தவருக்குச் சொல்லவேண்டும். இருள் சூழ்ந்தபின் கைச்சைகை தெரியாது. அப்போது குரலே துணை. இடைவெளியையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

முன்புறம் வெண்ணிற விளக்கும் பின்புறம் செந்நிற விளக்கும் ஒவ்வொரு சைக்கிளிலும் இருக்கவேண்டும். சக்கரத்தை உரசிச் சுழலும் பழைய டைனமோ விளக்கு, வண்டி நின்றவுடன் அணைந்துவிடும். ஆதலால் மின்கலத்தால் எரியும் பின்விளக்கு ஒன்றும் தேவை. பெடல்களில் உள்ள ஒளி எதிரொளிப்பான்கள் மேலும் கீழுமாக அசைவதால், செல்வது சைக்கிள் என்பதை ஓட்டுநர் எளிதில் அறிவார்.

புதியவருக்கு இடம்

குழுவாக ஓட்டுவதன் பெரும்பயன் துணிவு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் அங்கமாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். தனியே ஓட்டத் தயங்கியவர்கள் பலராகச் சேர்ந்தபோது தயக்கம் நீங்கியது. அப்பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகளும் கடன் வழங்கின என்பது வங்கித் துறையினராகிய நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

ஆண்டுக்கு ரூ. 20

எவ்வளவு கவனமாக இருப்பினும் விபத்தை முற்றிலும் விலக்க இயலாது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரையிலான சேமிப்புக் கணக்குதாரர்கள் சேரலாம். ஆண்டுப் பிரீமியம் ரூ. 20. விபத்தில் இறப்பு அல்லது முழு ஊனம் நேர்ந்தால் ரூ. 2 லட்சமும், நிரந்தரப் பகுதி ஊனத்திற்கு ரூ. 1 லட்சமும் வழங்கப்படும். மருத்துவமனைச் செலவு இதில் அடங்காது. அதற்குத் தனி மருத்துவக் காப்பீடு தேவை. பல கணக்குகள் இருப்பினும் ஒரு கணக்கின் வழியாகவே சேரமுடியும். காப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. பிரீமியம் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுவதால், மே இறுதியில் போதிய இருப்பு உள்ளதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். நியமனதாரர் பெயரையும் சரிபாருங்கள். சாலை விபத்து நேர்ந்தால் காவல் நிலையத்தில் பதிவு செய்வது இன்றியமையாதது.

அடுத்த ஞாயிறன்று புறப்படும் முன், குழுவினர் அனைவரிடமும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: பின்விளக்கு எரிகிறதா? காப்பீடு நடப்பில் உள்ளதா? பின்னர், மெதுவாக ஓட்டுபவரிடம் அவருடைய வேகத்தைக் கேட்டறிந்து, அதைக்கொண்டு திரும்பும் நேரத்தைக் குறியுங்கள்.