பழி உங்களுக்கு, பாராட்டு அவர்களுக்கு

அரளி மொட்டுப் பறிக்கும் பெண்களுக்கு நான் மேஸ்திரி. அதட்டினால்தான் வேலை நடக்கிறது. அதிகாரத்தை வைத்தே அவர்களை உற்சாகப்படுத்த முடியுமா?
– ஒரு வாசகி, பனமரத்துப்பட்டி

தாராளமாக முடியும். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் நிருபர்கள் முன் உட்கார்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18-ல் ஜெயித்தபோதோ, கலாமையே பேசச் சொல்லிவிட்டார். பதவி கையில் இருந்ததால்தானே இரண்டும் முடிந்தது!

மொட்டு விரிந்துபோய், சேலம் பூ மார்க்கெட்டில் விலை விழுந்தால் வியாபாரியிடம் நீங்களே பேசுங்கள். "இவளால்தான் லேட்" என்று கைகாட்டாதீர்கள். நல்ல விலை கிடைத்த அன்று, சுத்தமாகப் பறித்தவரின் பெயரைத் தோட்டக்காரர் காதுபடச் சொல்லுங்கள். அதட்டலா? செடிக்குள் பாம்பு தெரிந்தால் போடலாம்.