பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் தண்ணீரும்



பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்க்காத தாய் அநேகமாய் இல்லை. சோறு மிச்சமிருந்தால் உடனே விசாரணை நடக்கும். ஆனால் அதே பையிலுள்ள தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் மாலையில் அப்படியே திரும்பி வந்தால், அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, மறுநாள் மறுபடியும் நிரப்பிக் கொடுக்கிறோம். அந்தப் பாட்டில் நமக்கு ஒரு செய்தி கொண்டு வருகிறது. அதை வாசிப்பது எப்படி என்பதே இந்த வாரப் பாடம்.

1. தேகத்துக்குத் தண்ணீர் எதற்கு?

பிள்ளையின் எடையில் பாதிக்கு மேற்பட்டது தண்ணீரே. உண்ட உணவின் சத்தை உறுப்புகளுக்குக் கொண்டுபோவது இரத்தம். அந்த இரத்தத்தை ஓடச் செய்வது தண்ணீர். கழிவுகளைச் சிறுநீரகம் வெளியேற்றுவதற்கும் தண்ணீர் வேண்டும். வெயிலில் ஓடியாடும் பிள்ளையின் உடம்பு வியர்வையால் குளிர்வதற்கும் தண்ணீர் வேண்டும்.

உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே தலைவலியும் சோர்வும் வரலாம், கவனம் தளரலாம் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது வெறும் அரை லிட்டர். நம் ஊர் வெயிலில் விளையாடிவிட்டு, காலை முதல் மாலை வரை சரியாகக் குடிக்காத பிள்ளை அவ்வளவை இழப்பது பெரிய காரியமல்ல. பிற்பகல் வகுப்பில் பெஞ்சில் தலைசாய்க்கும் பையனை மந்தபுத்திக்காரன் என்று ஏசுமுன், அவன் கடைசியாய் எப்போது தண்ணீர் குடித்தான் என்று கேட்பது நியாயம் அல்லவா?

எவ்வளவு வேண்டும்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. 4 முதல் 8 வயது வரை நாளொன்றுக்கு 1.6 லிட்டர், 9 முதல் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு 1.9 லிட்டர், பையன்களுக்கு 2.1 லிட்டர். சோறு, குழம்பு, பழம், பால் இவற்றிலுள்ள நீரும் இதில் சேரும். இது மிதமான தட்பவெப்பத்தை எண்ணிச் சொன்ன அளவு. நம் கோடைக்கு இன்னும் கூடுதலாய் வேண்டியிருக்கும். அளந்து பார்க்க முடியாத தாய்மாருக்கு ஒரு சுலபமான அடையாளம் உண்டு: சிறுநீர் வெளிறிய வைக்கோல் நிறமாயிருந்தால் தண்ணீர் போதும், அடர்ந்த மஞ்சளாயிருந்தால் போதாது.

2. பிள்ளைகள் ஏன் குடிப்பதில்லை?

சோம்பலினால் என்று நாம் சொல்லிவிடுகிறோம். பிள்ளையோடு உட்கார்ந்து பொறுமையாய்க் கேட்டால் வேறு காரணங்கள் வரும்.

முதலாவது, மறதி. விளையாட்டில் மூழ்கிய பிள்ளைக்குத் தாகம் தெரிவதில்லை. தெரியும்போது மணி அடித்துவிடுகிறது.

இரண்டாவது, தண்ணீரின் ருசி. வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வரும் வாடை பெரியவர்களுக்கே பிடிப்பதில்லை.

மூன்றாவது, கூச்சம். பாடம் நடக்கும்போது எழுந்து, "தண்ணீர் குடிக்கட்டுமா, டீச்சர்?" என்று கேட்க அஞ்சும் பிள்ளைகள் அநேகர்.

நான்காவது காரணந்தான் எல்லாவற்றிலும் பெரியது. அதைப் பிள்ளைகள் தாமாகச் சொல்லமாட்டார்கள். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். அங்கே தாழ்ப்பாள் இல்லை, அல்லது குழாயில் தண்ணீர் வருவதில்லை, அல்லது நாற்றம் தாங்க முடிவதில்லை. ஆகையால் குடிக்காமலிருந்துவிட்டால் தொல்லை இல்லை என்று பிள்ளை தனக்குத் தானே ஒரு சட்டம் வகுத்துக்கொள்ளுகிறது. பெண்பிள்ளைகள், முக்கியமாய் வயதுக்கு வந்தவர்கள், காலையில் வீட்டைவிட்டுப் புறப்படுமுன்பே இந்தத் தீர்மானத்தைச் செய்துகொள்ளுகிறார்கள். மாலை நாலரை மணிக்கு வீடு வந்ததும் பையை எறிந்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடும் மகளைப் பார்த்திருக்கிறீர்களா? அவள் பகல் முழுதும் அடக்கிக்கொண்டிருந்தாள்.

இப்படி நாள்தோறும் குடிக்காமலும் அடக்கியும் இருந்தால் நீர்க்கடுப்பு, சிறுநீர்ப்பாதையில் தொற்று, மலச்சிக்கல் ஆகியவை வரலாம். சிறுநீரகத்தில் கல் உண்டாகவும் ஏதுவாகும். அப்புறம் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைகிறோம். மருந்து கொடுத்த பிறகும் அதே பள்ளி, அதே கழிப்பறை என்றால் நோய் திரும்பத்தானே செய்யும்?

3. செய்யப்பட்ட முயற்சிகள்

கேரளத்தில் 2019-ல் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். அண்டை மாநிலங்களும் அதைப் பின்பற்றின. தமிழ்நாட்டிலும் 2025-ல் பள்ளிக் கல்வித் துறை இந்த "வாட்டர் பெல்" ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. காலை 11 மணி, பகல் 1 மணி, பிற்பகல் 3 மணி என்று மூன்று வேளை. இதனால் மறதிக்கும் கூச்சத்துக்கும் மருந்து கிடைத்தது. எல்லோரும் சேர்ந்து குடிக்கும்போது எந்தப் பிள்ளையும் தனியாய் எழுந்து நின்று அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஜெர்மனியில் 2006-ல் டார்ட்மண்ட், எஸ்ஸன் என்னும் இரு நகரங்களில், வசதி குறைந்த பகுதிகளிலுள்ள 32 ஆரம்பப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. அவற்றில் 17 பள்ளிகளில் குடிநீர்க் குழாய் அமைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாட்டில் கொடுத்து, தண்ணீரைப் பற்றி நான்கு பாடங்கள் நடத்தினார்கள். ஓராண்டு முடிவில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நாளுக்கு ஏறக்குறைய ஒரு டம்ளர் அதிகம் குடித்தார்கள். அளவுக்கு மீறிப் பருமனாகும் அபாயமும் நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது. தண்ணீரைக் கைக்கெட்டும்படி வைத்து, அதன் பயனையும் எடுத்துச் சொன்னதே இதற்குப் போதுமாயிருந்தது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். மணி அடித்தாலும், கழிப்பறைக் கதவு பூட்டிக் கிடந்தால் மகள் பாட்டிலை வாயில் வைத்துப் பாவனைதான் செய்வாள். தண்ணீரும் கழிப்பறையும் ஒன்றையொன்று பிரியாதவை. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது: பாதுகாப்பான குடிநீர், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, சிறுபான்மையினர் பள்ளி என்ற வித்தியாசமின்றி எல்லாப் பள்ளிகளும் ஆறு மாதத்துக்குள் இவற்றைச் செய்து கொடுக்க உத்தரவிட்டது. ஆகவே பங்குப் பள்ளிகளும் விலக்கல்ல. சட்டமே இல்லாவிட்டாலும், பிள்ளைகளை நம்பி ஒப்படைத்தவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் இது.

4. பெற்றோர் செய்ய வேண்டியவை

காலையில் புறப்படுமுன் ஒரு டம்ளர் தண்ணீர் உங்கள் கண்முன் குடிக்கட்டும். நீங்களும் கூடக் குடியுங்கள். பிள்ளைகள் சொல்லைவிடச் செயலைத்தான் பின்பற்றுவார்கள்.

பாட்டிலைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். மூடியின் உட்புறத்தில்தான் பாசி பிடிக்கும். வசதியிருந்தால் எவர்சில்வர் பாட்டில் நல்லது. சிறு பிள்ளைக்குத் தூக்க முடியாத பெரிய பாட்டிலைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். சிறியதைக் கொடுத்துப் பள்ளியில் மறுபடி நிரப்பச் சொல்லுங்கள்.

தண்ணீர் சுத்தமானதுதானா என்ற சந்தேகமிருந்தால், கொதி வந்து குமிழிகள் நன்றாய் எழும்பிய பின் ஒரு நிமிஷமாவது கொதிக்கவிட்டு, ஆறவைத்து மூடிவையுங்கள். வகுப்பில் பானை வைத்திருந்தால் கைபடாமல் மொள்ள நீண்ட பிடியுள்ள அகப்பை வேண்டும்.

தண்ணீருக்குப் பதிலாய் வர்ண பானங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். அவற்றிலுள்ள சர்க்கரை பல்லுக்கும் உடலுக்கும் கேடு. ஒரே மூச்சில் நிறையக் குடிக்கச் சொல்வதும் தவறு. அவ்வப்போது சிறிது சிறிதாய்க் குடிப்பதே முறை. சிறுநீரகக் கோளாறோ இருதயக் கோளாறோ உள்ள பிள்ளைக்கு வைத்தியர் சொன்ன அளவையே கொடுங்கள்.

கடைசியாக ஒரு காரியம்: ஒரு நாள் பள்ளிக்கு நேரில் போய்க் கழிப்பறையைப் பாருங்கள். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல், தாழ்ப்பாள் உண்டா, குழாயில் தண்ணீர் வருகிறதா, தொட்டியைக் கழுவி எத்தனை நாள் ஆகிறது என்று மரியாதையாய்க் கேளுங்கள். ஒருவர் கேட்டால் குறை. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அது ஊரின் குரல். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைகளால் கேட்க முடியாததால், கேட்பது உங்கள் கடமையும் ஆகும்.

வீட்டில் பிள்ளைகளோடு பேச

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கோபப்படாமல், பதிலை முழுதும் கேட்ட பிறகு பேசுங்கள்.

1. இன்றைக்குப் பள்ளியில் எத்தனை தடவை தண்ணீர் குடித்தாய்?

2. தாகமாயிருந்தும் குடிக்காத வேளை உண்டா? ஏன்?

3. பள்ளிக் கழிப்பறைக்குப் போக உனக்குப் பயமோ வெட்கமோ உண்டா?

மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை தலைகுனிந்தால், அடுத்த நாள் பள்ளிக்குப் போக வேண்டியது நீங்கள்.