செயலி வரைந்தாலும் நகல் நகல்தான்

மாணவர்களே, உங்கள் அறிவியல் கழகத்துக்கு நிதி திரட்ட டி-சட்டை விற்கப் போகிறீர்கள். அதில் அச்சிடும் படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி வரைந்து தருகிறது. அது பிறருடைய பதிப்புரிமையை மீறுகிறதா என்று எப்படிக் கண்டறிவது?

செயலி எப்படி வரைகிறது?

செயலி படங்களை வெட்டி ஒட்டுவதில்லை. கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி தருகிறார்கள். எந்தச் சொல்லோடு எந்த வடிவமும் நிறமும் சேர்ந்து வருகின்றன என்பது அதில் எண்களாகப் பதிகிறது. அந்த எண்களைக் கொண்டே புதிய படம் உருவாகிறது. ஆனால், ஒரே உருவம் பயிற்சிப் படங்களில் பலமுறை வந்திருந்தால், செயலி அதை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தரவும் கூடும்.

அல்ட்ராமேன் வழக்கு

சீனாவில் இப்படித்தான் நடந்தது. ஓர் இணையத்தளத்தில் அல்ட்ராமேனை வரையச் சொன்னபோது, அசல் உருவத்தின் தனித்த அடையாளங்கள் கொண்ட படம் வந்தது. உரிமம் பெற்ற நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2024 பிப்ரவரியில் குவாங்சோ இணைய நீதிமன்றம் அதைப் பதிப்புரிமை மீறல் எனத் தீர்ப்பளித்து, தளத்தை நடத்திய நிறுவனம் 10,000 யுவான் இழப்பீடு தர உத்தரவிட்டது.

இரண்டு கேள்விகள்

1. மூலப் படைப்பு செயலிக்குக் கிடைத்திருக்குமா? புகழ்பெற்ற உருவம் என்றால் வாய்ப்பு அதிகம். நீங்களே ஒரு படத்தைப் பதிவேற்றி, ‘இதுபோல் வரை’ என்றால் ஐயமே இல்லை.

2. ஒத்திருப்பது கருத்தா, வெளிப்பாடா? 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு. அவருடைய நாடகமும் ஓர் இந்தித் திரைப்படமும் ஒரே கருப்பொருளைத் தொட்டிருந்தும், அது மீறல் அன்று என்றது.

லூபோக் சீனா மாணவர் எவரும் ‘லிங்கி ஆற்றில் முதலை’ வரையலாம், அது கருத்து. ஆனால், ஒருவர் எடுத்த புகைப்படத்தின் கோணம், ஒளி, அமைப்பு யாவும் உங்கள் படத்தில் அப்படியே இருந்தால், அது அவருடைய வெளிப்பாடு.

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் முழுப் படைப்பை மட்டுமல்ல, அதன் முக்கியப் பகுதியையும் காக்கிறது. சொந்தப் படிப்புக்கான நியாயமான பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு. சட்டையில் அச்சிட்டு விற்பது அந்த விலக்கில் அடங்காது.

பயிற்சி: செயலி தந்த ஒரு படத்தை இணையப் படத் தேடலில் இட்டுப் பாருங்கள். ஒத்த படம் கிடைத்தால், ஒற்றுமைகளைக் ‘கருத்து’, ‘வெளிப்பாடு’ என இரு பத்திகளில் பட்டியலிடுங்கள். இரண்டாம் பத்தி நீண்டால், அப்படத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.