ஒரே வீட்டில் இரண்டு கேம் கன்சோல்கள்: ரவுட்டரை அமைப்பது எப்படி?

கேள்வி: வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களும் ஒரு கணினியும் ஒரே ரவுட்டரில் இணைந்துள்ளன. கன்சோல்கள் தனித்தனியே இயங்கும்போது சிக்கல் இல்லை. இரண்டிலும் ஒரே நேரத்தில் ஆன்லைன் ஆட்டம் தொடங்கினால், ஒன்றில் மட்டும் நேட் நிலை ‘ஸ்ட்ரிக்ட்’ என்று காட்டுகிறது, நண்பர்களின் குரலும் கேட்பதில்லை. 300 எம்.பி.பி.எஸ். இணைப்பில் ஏன் இந்த நிலை? ‘கேமிங் ரவுட்டர்’ வாங்கினால் சரியாகுமா?

பதில்: இணைப்பின் வேகம் இங்கே காரணமன்று. ஆட்டம் நடக்கும்போது ஒரு கன்சோல் அனுப்பிப் பெறும் தரவு பெரும்பாலும் நொடிக்கு ஒரு மெகாபிட்டைக்கூட எட்டுவதில்லை. சிக்கலின் வேர், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் வெளி உலகுக்கு ஒரே ஐ.பி. முகவரியோடு காட்சியளிப்பதில் இருக்கிறது. 32 பிட் நீளமுள்ள ஐ.பி.வி4 முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே அமைய முடியும் என்பதால், வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகளைக் கருவிகளுக்குத் தந்துவிட்டு, வெளியே செல்லும்போது அவற்றை ஒரே பொது முகவரியாக மாற்றும் பணியை ரவுட்டர் செய்கிறது. இதுவே நேட் எனப்படும் முகவரி மாற்று முறை. உள்ளிருந்து புறப்பட்ட தரவுக்கு வரும் பதிலை எந்தக் கருவியிடம் சேர்ப்பது என்பதை ரவுட்டர் குறித்து வைத்திருக்கும். ஆனால் நண்பர் ஒருவரின் கன்சோல் வெளியிலிருந்து தானாகத் தொடர்புகொள்ள முயலும்போது, அதை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் ரவுட்டர் தடுத்துவிடுகிறது.

எக்ஸ்பாக்ஸ் இத்தகைய தொடர்புகளுக்கு வழக்கமாக 3074 என்ற போர்ட்டைப் பயன்படுத்துகிறது. போர்ட் என்பது, ஒரே முகவரிக்கு வரும் தரவுகளை வகை பிரிக்க உதவும் எண். பொது முகவரியின் ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் வீட்டுக்குள்ளிருக்கும் ஒரே ஒரு கருவிக்குத்தான் திருப்பிவிட முடியும். முதலில் இயக்கப்பட்ட கன்சோல் 3074-ஐப் பிடித்துக்கொள்ள, இரண்டாவது கன்சோல் வெளியே நிற்க நேர்கிறது. ஆகவே இரண்டாவது கன்சோலின் நெட்வொர்க் அமைப்புகளில், மேம்பட்ட அமைப்புகள் என்ற பகுதியில், வேறொரு போர்ட்டைத் தெரிவு செய்துவிட்டு, ரவுட்டரில் யூ.பி.என்.பி. வசதியை இயக்கி, ரவுட்டரையும் கன்சோல்களையும் மீண்டும் தொடங்கினால் சிக்கல் பெரும்பாலும் அகன்றுவிடும். யூ.பி.என்.பி. என்பது, தனக்கு வேண்டிய போர்ட்டைத் திறக்கும்படி கருவியே ரவுட்டரிடம் கேட்டுப் பெறும் ஏற்பாடு. கடவுச்சொல் எதுவும் கேளாமல் இது திறந்துவிடுவதால், மலிவு விலைக் கண்காணிப்புக் கேமராக்கள் போன்றவற்றை விருந்தினர் வைஃபைக்கு மாற்றிவிடுவது நல்லது. இந்த ஏற்பாட்டை விரும்பாதவர்கள் ஒவ்வொரு கன்சோலுக்கும் டி.எச்.சி.பி. ஒதுக்கீட்டின் வழியே நிலையான உள்முகவரி தந்து, போர்ட்டுகளைக் கையாலேயே திருப்பிவிடலாம். ஒரே போர்ட்டுக்கு இரண்டு வழிகளையும் சேர்த்துக் கையாண்டால் குழப்பமே மிஞ்சும். பலரும் பரிந்துரைக்கும் டி.எம்.இசட். வசதி எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே கருவிக்குத் திறந்துவிடுவதாகையால், இரண்டு கன்சோல்கள் உள்ள வீட்டுக்கு அது உதவாது.

இவ்வளவு செய்தும் நிலை மாறவில்லையெனில், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் ‘வேன்’ முகவரி என்று காட்டப்படுவதைப் பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனமே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குள் அடைத்திருக்கிறது என்று பொருள். இதற்கெனவே அந்த முகவரித் தொகுதி 2012-இல் ஒதுக்கப்பட்டது. அந்நிலையில் வீட்டு ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. கட்டணம் செலுத்தியேனும் தனிப் பொது முகவரி பெறுவதோ, ஐ.பி.வி6 வசதியை இயக்குவதோதான் வழி. முகவரி 192.168 என்று தொடங்கினால், நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டியும் சொந்த ரவுட்டரும் அடுத்தடுத்து முகவரி மாற்றம் செய்கின்றன என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஃபைபர் பெட்டியை, முகவரி மாற்றம் செய்யாத பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லி வாடிக்கையாளர் சேவையில் கேட்கலாம். புதிய ரவுட்டருக்குப் பணம் செலவிடும் முன் இந்த முகவரியைப் பார்க்காதவர்களே மிகுதி. புதிய ரவுட்டரின் மேல் எட்டு ஆண்டெனாக்கள் நிமிர்ந்து நின்றாலும் இந்தத் தடையை அது நீக்காது.

வீட்டில் யாரேனும் காணொளி ஒன்றைப் பதிவேற்றத் தொடங்கியதும், தரவு சென்று திரும்பும் நேரமான பிங் தாறுமாறாக ஏறினால், அது வேறு வகைச் சிக்கல். மோடமும் ரவுட்டரும் அனுப்பவேண்டிய தரவுகளை நீண்ட வரிசையில் தேக்கி வைப்பதால், மளிகைக் கடையில் மாதச் சாமான் பட்டியலோடு நிற்பவருக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர் காத்திருப்பதுபோல, ஆட்டத்தின் சிறு தரவுத் துணுக்குகள் முடங்கிக் கிடக்கின்றன. ‘பஃபர்புளோட்’ எனப்படும் இதற்கு மருந்தாக, 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டனர். அதன் வழிவந்த முறைகள் எஸ்.க்யூ.எம். என்ற பெயரில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. போன்ற ரவுட்டர் மென்பொருள்களில் கிடைக்கின்றன. அதில் பதிவிறக்க, பதிவேற்ற வேகங்களை, அளந்து கண்ட அளவில் 90 சதவீதம் அளவுக்குக் குறைத்துப் பதிய வேண்டும். வேகத்தைச் சற்றே விட்டுக்கொடுத்து, நெரிசல் நேரும் இடத்தை ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதே இதன் தந்திரம். புதிய ரவுட்டர் வாங்கியே தீர வேண்டுமெனில், இந்த வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குவது பொருந்தும்.

கன்சோலை லேன் கேபிளில் இணைப்பதற்கு ஈடு இல்லை; இயலாதபோது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போதும். தொலைவை மட்டும் எந்த ரவுட்டராலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், சென்னையிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கப்பூர் சர்வருக்குத் தரவு சென்று திரும்ப, கேபிள் நேர்கோட்டில் அமைந்தாலும் 29 மில்லிநொடி ஆகும். ஆட்டத்தில் மும்பை சர்வரைத் தெரிவு செய்ய இடமிருந்தால் அந்தக் காலம் 10 மில்லிநொடி அளவுக்கு இறங்கும்.