திறக்க மறுக்கும் மடிக்கணினி: அழிக்கும் முன் அறிய வேண்டியவை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த நல்லேப்பிள்ளி போன்ற எல்லையோர ஊர்களில், ஒரே மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருப்பது வியப்பன்று. கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் லினக்ஸில் கற்பிக்கப்படுகிறது. மாநில அரசின் 'கைட்' நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளத்தை வீட்டிலும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். பெற்றோரின் கணக்கு வழக்குகளோ பெரும்பாலும் விண்டோஸில் இருக்கும். ஆகவே, பிள்ளையின் பாடமும் குடும்பத்தின் வரவு செலவும் ஒரே வட்டில் அருகருகே குடியிருக்கின்றன.

அக்கணினி ஒரு நாள் கருந்திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்று மட்டும் காட்டி நின்றுவிட்டால், அனைத்தும் அழிந்ததென நாம் அஞ்சுகிறோம். "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்று அறிவுரை கூறுவோரும் உண்டு. உண்மையான இழப்பு அப்போதுதான் நேரும்.

கணினியை இயக்கியதும் யூ.இ.எஃப்.ஐ. என்னும் உள்நிரல் விழித்து, வட்டின் சிறு பகுதியொன்றில் உள்ள பூட்லோடரை அழைக்கிறது. லினக்ஸின் பூட்லோடரே கிரப். எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்டு அதனைத் தொடங்கிவைப்பது அதன் பணி. பழுதானது வாயிற்கதவின் பூட்டு மட்டுமே. பெரும்பாலும் வீட்டினுள் உள்ள பொருள்கள் அப்படியே இருக்கும். விண்டோஸிலிருந்து லினக்ஸ் பகுதியை நீக்குவதாலோ, புதுப்பிப்பின்போது தொடக்க வரிசை மாறுவதாலோ இப்பழுது நேரலாம். 2024 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, இரட்டை இயங்குதளக் கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் தடுத்தது.

செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவதாக, கணினியை இயக்கியவுடன் எஃப் 12, எஃப் 9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்துக. விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தோன்றும் பட்டியலில் விண்டோஸ், உபுண்டு ஆகிய பெயர்கள் இருப்பின், ஒன்றைத் தேர்ந்து பார்க்கலாம். வரிசை மட்டும் மாறியிருந்தால் வேலை இத்துடன் முடிந்துவிடும். லினக்ஸ் பகுதியே நீக்கப்பட்டிருந்தாலும் விண்டோஸை இவ்வழியே திறக்க இயலும்.

இரண்டாவதாக, வேறொரு கணினியில் உபுண்டு பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்து, அதன்வழி கணினியைத் தொடங்குக. 'நிறுவு' என்பதைத் தவிர்த்து, 'முயன்று பார்' என்பதையே தேர்க. பழுதுபார்ப்பதற்கு முன், சான்றிதழ்களையும் வரி ஆவணங்களையும் வெளி வட்டில் படியெடுத்துக்கொள்க.

மூன்றாவதாக, இணைய இணைப்புடன் 'பூட் ரிப்பேர்' என்னும் இலவசக் கருவியை அதில் நிறுவி, அது பரிந்துரைக்கும் பழுதுநீக்கத்தைத் தேர்க. அது கிரப்பை மீண்டும் அமைக்கும்.

ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் பகுதி பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம். பொதுவாக அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அச்சாவி இல்லையேல் கோப்புகளை எவராலும் மீட்டுத்தர இயலாது. அதனைத் தாளில் எழுதி, லாக்கர் சாவியைப் போல் காத்திடுக. உதவுவதாகத் தொலைபேசியில் கூறுவோரிடம் அச்சாவியையோ ஓடிபியையோ சொல்லாதீர்கள். கடையில் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, வட்டை அழிக்க வேண்டாம் எனத் தெளிவாகக் கூறுங்கள்.

கணினி நன்றாக இயங்கும் இன்றே ஒரு படியையும், ஒரு பென்டிரைவையும், அச்சாவியையும் ஆயத்தம் செய்துகொள்வோம். பழுது நேரும் நாளில் அவையே நம் சேமிப்பு.