தை மாத மழையும் சராசரி என்னும் கணக்கும்

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. பல தலைமுறைகள் கண்டதைத் தொகுத்துச் சொன்ன சராசரிக் கணக்கு என்றே அதனைக் கொள்ளலாம். தை பிறக்கும்போது மழை ஓய்ந்திருக்கும். வானம் தெளிந்து, இரவில் பனி இறங்கும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறையும் குளிர்காலம் என்றே வகுத்துள்ளது. தமிழ்நாட்டில் ஜனவரி மாதச் சராசரி மழை ஏறத்தாழ 12 மில்லிமீட்டர்தான்.

2021 ஜனவரியில் இக்கணக்குப் பொய்த்தது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை விலகியதே ஜனவரி 19ஆம் நாளில்தான். மாநிலத்தில் பெய்த மழை சராசரியைப் போல் பத்து மடங்கைக் கடந்தது. காவிரிப் படுகையில் அறுவடைக்குக் காத்திருந்த நெற்பயிர் சாய்ந்து, வயலிலேயே முளைவிட்டது.

சராசரி என்பது பொதுவாக 30 ஆண்டுப் பதிவுகளைக் கூட்டி வகுத்துப் பெறுவது. இப்போது 1991 முதல் 2020 வரையிலான காலம் கொள்ளப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டு: ஓர் ஊரில் ஒன்பது ஜனவரிகளில் மழையே இல்லை, பத்தாவதில் 120 மில்லிமீட்டர் பெய்தது. சராசரி 12. ஆனால் அந்த 12 மில்லிமீட்டரை அவ்வூரார் எந்த ஆண்டிலும் கண்டதில்லை! வறண்ட மாதங்களின் சராசரி பெரும்பாலும் இவ்வாறே அமைகிறது.

மருத்துவமனை இதழில் மழைக்கணக்கு எதற்கு என்று வாசகர் வினவலாம். நாட்காட்டியை நம்பிக் காய்ச்சலை எடைபோடும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. மார்கழியிலும் தையிலும் உடம்பு சுட்டால், "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று கூறிக் கஷாயத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். மழை நீடித்த ஆண்டில் தேங்கிய நீரும் நீடிக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் நீடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே மழை நின்ற பின்னரும் தொட்டி, பூந்தட்டு, பழைய டயர் ஆகியவற்றை வாரந்தோறும் பார்த்தல் வேண்டும்.

டெங்குவில் காய்ச்சல் தணியும் நாளே சிலருக்கு ஆபத்தான நாள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், காய்ச்சல் விட்டதே என்று இராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வருக. மருத்துவரைக் கேளாமல் வலிநிவாரணி மாத்திரை கொடுத்தலாகாது. அவற்றுட் சில இரத்தக்கசிவை மிகுவிக்கும்.

ஈரம் நீடித்தால் சுவரில் பூஞ்சை படியும். ஆஸ்துமா உள்ளோர் அவ்வறையில் உறங்குதல் நன்றன்று. நீரிழிவு நோயாளர் தேங்கிய நீரில் வெறுங்காலுடன் நடத்தலைத் தவிர்த்து, விரலிடுக்குகளை நாள்தோறும் உலரத் துடைத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் அல்லது இதய நோயால் நீரளவு வரையறுக்கப்பட்டவர்கள், குளிருக்காக அருந்தும் காபி, தேநீர், சுக்குநீர் ஆகியவற்றையும் அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்க.