கேலாங்கில் குடியேறுபவருக்கு

சிங்கப்பூரில் வீடு தேடுகிறவர் கேலாங் என்று வாயெடுத்தாலே, "அங்கேயா?" என்று கேட்பவர்கள் அதிகம். சிவப்பு விளக்குப் பகுதி என்ற பெயர் அவ்வளவு அழுத்தமாக அந்தப் பேட்டையின் மேல் படிந்திருக்கிறது. அதே சந்துகளில்தான் பௌத்த மடங்களும் சீனக் குலச் சங்கங்களும் பள்ளிவாசலும் இருக்கின்றன. விடியும்வரை கஞ்சி கொதிக்கிற கடைகளும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற குடும்பங்களும் அங்கேயே இருக்கின்றன. பேட்டையின் அல்ஜுனிட் நிலையத்தில் ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் நகர மையத்தின் சிட்டி ஹால். வேடிக்கை பார்க்கப் போகாமல், நாலு பேர் குடியிருக்கும் ஊருக்குள் போவதுபோலப் போனால் கேலாங் நல்ல பேட்டை. அதற்கான ஏற்பாடுகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தெருக்கணக்கு

கேலாங் ரோடுதான் நடுநரம்பு. அதிலிருந்து இருபுறமும் பிரியும் சந்துகளை லோரோங் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வடக்கே சிம்ஸ் அவென்யூ பக்கம் போகிறவை ஒற்றைப்படை, தெற்கே கில்லிமார்ட் ரோடு பக்கம் போகிறவை இரட்டைப்படை. மேற்கில் காலாங் பக்கம் சின்ன எண்ணில் தொடங்கிக் கிழக்கே பாயா லேபாரை நோக்கி எண் ஏறிக்கொண்டே போகும். லோரோங் 25 என்றதும் வடபக்கம், அல்ஜுனிட் ரயில் நிலையத்தை ஒட்டி என்று தெரிந்துவிட வேண்டும். இரண்டு நாள் நடந்தால் வரைபடம் தேவைப்படாது.

கேலாங் ரோடு ஒருவழிப் பாதை, நகரத்தை நோக்கி. சிம்ஸ் அவென்யூவும் ஒருவழிதான், அது கிழக்கு நோக்கி. ஆகவே நகரத்துக்குப் போகும் பேருந்தைக் கேலாங் ரோட்டில் பிடித்து, திரும்பும்போது சிம்ஸ் அவென்யூவில் இறங்குவீர்கள். எதிர்ப்பக்க நிறுத்தத்தைத் தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

பிறகு வீடு, ஆனால் மூன்று வேளையில் பார்த்து

வாடகை விளம்பரத்தில் வரும் படங்கள் எல்லாம் பகலில் எடுத்தவை. கேலாங்கில் வீட்டின் குணம் இரவில்தான் தெரியும். வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒரு முறை, வாரநாளில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு ஒரு முறை, காலை ஏழு மணிக்கு ஒரு முறை அந்தச் சந்தில் நின்று பாருங்கள். முதல் வேளையில் கூட்டம் எவ்வளவு என்று தெரியும். இரண்டாவதில் கடை கட்டும் சத்தம்: காலிப் புட்டிகளைக் கூடையில் கொட்டுவது, இரும்புக் கதவை இழுப்பது, கடைசி மேசையில் உட்கார்ந்தவர்களின் உரத்த பேச்சு. மூன்றாவதில் நேற்றைய குப்பை அள்ளப்பட்டிருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்பது புலப்படும்.

வீட்டுக்குள் போனதும் கூடத்தைப் பார்த்து மயங்காமல் படுக்கையறைச் சன்னலுக்குப் போங்கள். அது பின்சந்தைப் பார்க்கிறது என்றால் கீழே எட்டிப் பாருங்கள். சாப்பாட்டுக்கடைச் சமையலறையின் புகைக்குழாய் சுவரோடு ஏறி எந்த மாடியில் வாய் திறக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் சன்னலுக்கு நேராகவோ ஒரு மாடி கீழோ முடிந்தால், மாலை ஆறு முதல் விடியும்வரை பூண்டும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் பொரியும் நெடி உங்கள் தலையணையில் இருக்கும். குளிரூட்டிகளின் வெளிப்புற இயந்திரங்கள் எத்தனை, எவ்வளவு பக்கத்தில் என்பதையும் எண்ணுங்கள். பழைய கட்டடங்களில் மின்தூக்கி இருக்காது. நான்காம் மாடி என்றால் அரிசி மூட்டையோடு ஏறிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம்? கேலாங் ரோடு, கில்லிமார்ட் ரோடு, லோரோங் 4, லோரோங் 22 ஆகியவற்றுக்கு நடுவே உள்ள பகுதியை 2015இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் குடியிருப்பு வகையிலிருந்து வணிக வகைக்கு மாற்றியது. குடியிருப்போருக்கும் இரவுத் தொழில்களுக்கும் உரசல் வளரக்கூடாது என்பதே நோக்கம். அங்கே இருக்கும் வீடுகளில் வாழலாம், ஆனால் புதிதாகக் குடியிருப்புகள் எழாது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அல்ஜுனிட்டை ஒட்டிய ஒற்றைப்படைப் பக்கத்தையோ, தெற்கில் 24ஐத் தாண்டிய சந்துகளையோ சொல்வேன். லோரோங் 24ஏயில் பூவேலைச் சுவர்களோடு பாதுகாக்கப்பட்ட பழைய கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. பகலில் அந்த ஒரு சந்தை மட்டும் பார்க்கவே போகலாம்.

ஒப்பந்தத்தில் விட்டுவிடக்கூடாதவை

வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) அனுப்பாதீர்கள். முகவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் சொத்து முகவர்களுக்கான அரசுப் பதிவேட்டில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடக்கூடாது. 'வாரக் கணக்கில் தருகிறோம்' என்றால் அது சட்டத்துக்குப் புறம்பு. உறவில்லாதவர்கள் ஆறு பேர்வரை ஒரு வீட்டில் தங்கலாம். 2024 முதல் பெரிய வீடுகளுக்குத் தற்காலிகமாக எட்டுப் பேர். பலகை அடித்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகளைக் காட்டினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். தீப்பிடித்தால் தப்ப வழி இருக்காது.

ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுவது வாடகைக்கு வருபவர். நான்கு ஆண்டுவரை உள்ள ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, மாதம் 1,000 வெள்ளி என்று ஓராண்டுக்கு எடுத்தால் 48 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். வீட்டுக்காரரோடு வழக்கு என்று வந்தால் முத்திரை இல்லாத தாள் நீதிமன்றத்தில் செல்லாது. இந்த 48 வெள்ளியைச் சேமிக்க நினைக்காதீர்கள்.

இரவின் சட்டம்

2013 டிசம்பரில், தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததை அடுத்து லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டது. அதை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் முன், லிட்டில் இந்தியாவைவிடக் கேலாங்தான் தமக்குக் கவலை தருகிறது என்று அன்றைய காவல்துறை ஆணையரே சொன்னார். 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது இரண்டு பேட்டைகளும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. சிங்கப்பூர் எங்கும் இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. கேலாங்கில் இதோடு சனிக்கிழமை காலை ஏழு மணி முதல் திங்கள் காலை ஏழு மணி வரை முழுத் தடை; பொது விடுமுறைக்கு முந்தைய மாலையிலிருந்தும் அப்படியே. உரிமம் பெற்ற கடைக்குள் உட்கார்ந்து குடிக்கத் தடையில்லை. வாங்கிக்கொண்டு கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் நின்று திறந்தால் அபராதம். ஊரிலிருந்து வந்த நண்பருக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள், தெரியாமல் மாட்டுகிறவர்கள் விருந்தாளிகள்தான்.

பின்சந்துகளில் மலிவு விலை சிகரெட் காட்டுவார்கள். அது தீர்வை கட்டாத சரக்கு, வாங்குபவருக்கும் தண்டனை உண்டு. மின்சிகரெட் கையில் இருந்தாலே 2018 முதல் குற்றம். ஆண்மை மாத்திரை என்று விரித்து வைத்திருப்பதைத் தொடவே தொடாதீர்கள். 2008இல் சிங்கப்பூரில் இத்தகைய கள்ள மாத்திரைகளில் நீரிழிவு மருந்து கலந்திருந்தது. சர்க்கரை திடீரென்று இறங்கி நூறு பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள், நான்கு பேர் இறந்தார்கள். சூதாட்ட மேசையைச் சுற்றிக் கூட்டம் நின்றால் நடையை நிறுத்தாமல் போய்விடுங்கள்.

தெருவில் நிற்பவர்கள்

தெற்குப் பக்கத்தில் 16, 18, 20 போன்ற சந்துகளில் பெரிய எண்பலகையும் சிவப்பு விளக்கும் உள்ள வீடுகளைப் பார்ப்பீர்கள். பாலியல் தொழில் சிங்கப்பூரில் தன்னளவில் குற்றம் இல்லை; தெருவில் நின்று அழைப்பதும், பிறர் உழைப்பில் தரகராகப் பிழைப்பதும் குற்றம். அந்தப் பெண்கள் வேலைக்கு வந்தவர்கள். அவர்களைப் படம் எடுக்காதீர்கள், விரல் நீட்டிக் காட்டாதீர்கள், கூட்டமாக நின்று சிரிக்காதீர்கள். தெருவைக் காணொளி எடுத்தபடி நடப்பதும் கூடாது. ஓர் ஊரில் குடும்பத்துக்குத் தெரியாமல் பிழைக்கிறவரின் முகம் அதில் விழுந்தால் அவர் வாழ்க்கையே போகும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

தனியாக நடக்கும் பெண்களை நள்ளிரவில் அந்தச் சந்துகளில் யாராவது தவறாக அணுகக்கூடும். ஆகவே அந்த வேளையில் கேலாங் ரோடு, சிம்ஸ் அவென்யூ இரண்டிலுமே நடந்து, உங்கள் சந்து வந்ததும் திரும்புங்கள். இரண்டும் வெளிச்சமாக, ஆள் நடமாட்டத்தோடு இருக்கும். அவசரத்துக்குக் காவல்துறை 999, மருத்துவ வண்டி 995. ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். பன்னிரண்டு மணி முதல் காலை ஆறு வரை டாக்சி மீட்டரில் பாதிக் கட்டணம் கூடும்.

சாப்பாடு

இரவு எட்டு மணிக்கு மேல் லோரோங் 9 பக்கம் தொடங்கலாம். தவளைக் கஞ்சி அங்கே பேர் போனது. மண்சட்டியில் காய்ந்த மிளகாயும் கருஞ்சாறுமாகக் கொதிக்கும் தவளைக் கறி தனியே, உப்பே போடாத வெள்ளைக் கஞ்சி தனியே வரும். சாற்றைக் கஞ்சியில் ஊற்றிக் கலந்து சாப்பிட வேண்டும். தயங்குகிறவர்கள் ஹோர் ஃபன் எனும் பட்டை அரிசி நூடுல்ஸ் மாட்டிறைச்சியோடு வறுத்தது கேட்கலாம். சைவர்கள் கவலைப்பட வேண்டாம். பௌத்த மடங்கள் உள்ள பேட்டை என்பதால் சீன சைவக் கடைகள் கிடைக்கும். உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்ட தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும், ஹலால் தட்டுக்கும் மற்றதற்கும் தனித்தனி அடுக்கு. மாற்றி வைத்தால் பெரிய மனவருத்தம் வரும்.

டுரியானுக்குச் சிம்ஸ் அவென்யூ. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெரும் பருவம், ஆண்டு இறுதியில் சின்னதாக இன்னொன்று. விலைப்பலகையில் இருப்பது கிலோ விலை, அதுவும் முள்தோலோடு சேர்த்து. ஆகவே முதலில் கிலோ விலையை உறுதி செய்து, கண்முன் எடை போடச் சொல்லி, மொத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும். மாவ் ஷான் வாங் ரகம் கேட்டால் பழத்தின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், முள்ளில்லாத கோடுகள் நட்சத்திரம்போல் விரிந்திருக்கும். காம்பு பச்சையாக ஈரத்தோடு இருந்தால் விழுந்து நாளாகவில்லை. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே சுளை லேசாக அசைய வேண்டும். பிறகு கடைக்கார அங்கிள் கத்தி முனையால் தோலில் சின்ன முக்கோணம் கீறிச் சுளையைக் காட்டுவார். விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் பழுக்கவில்லை, நீராக இருந்தால் வேண்டாம் என்று சொல்லலாம். "பாவ் ஜியாக்?" என்று கேட்பது இங்கே வழக்கம், 'நன்றாக இல்லாவிட்டால் மாற்றித் தருவாயா' என்று அர்த்தம். சாப்பிட்டபின் அந்தத் தோலின் குழியிலேயே தண்ணீர் ஊற்றிக் கை கழுவினால் வாடை போகும் என்பார்கள். ரயிலில் டுரியானைக் கொண்டு போக முடியாது, அங்கேயே முடித்துவிடுங்கள்.

கிழக்குக் கோடி

பாயா லேபாரை நெருங்க நெருங்கச் சீனப் பலகைகள் குறைந்து மலாய்க் கடைகள் வரும். கேலாங் சிராய் சந்தையில் மசாலாப் பொருளும் மீனும் பகலில் வாங்க வேண்டும், மேல்மாடியில் சாப்பாட்டுக் கடைகள். ஹெய்க் ரோடு உணவு நிலையத்தில் புட்டு பிரிங் சாப்பிட்டுப் பாருங்கள். அரிசி மாவு, நடுவில் உருகும் வெல்லம், மேலே உப்புத் தேங்காய்ப்பூ. நம் நாக்குக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. வரிசை நீளும், நின்று வாங்குங்கள். கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2இல் சிவன் கோயில் இருக்கிறது. நகர மையத்தில் ஆர்ச்சர்ட் ரோட்டோரம் இருந்த கோயில், ரயில்பாதைக்காக இடம் விட்டு, இடையில் சிராங்கூன் ரோட்டில் தங்கி, 1993இல் இங்கே குடமுழுக்குக் கண்டது.

நோன்பு மாதத்தில் கேலாங் சிராயில் இரவுச் சந்தை கூடும். சிங்கப்பூரில் நோன்பு துறக்கும் நேரம் ஆண்டு முழுவதும் இரவு ஏழு மணியை ஒட்டியே வரும். ஐந்து முதல் ஏழு வரை வரிசையில் நிற்பவர்கள் பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள். அவர்கள் வாங்கிப் போகட்டும், நீங்கள் எட்டு மணிக்கு மேல் போங்கள். காரில் போகாதீர்கள், சிம்ஸ் அவென்யூ நகராது. பாயா லேபார் நிலையத்தில் இறங்கி நடந்தால் கூட்டமே வழிகாட்டும். பெருநாளுக்கு முந்தைய இரவு சந்தை விடியும்வரை இருக்கும், அன்றைக்குச் சரக்கைத் தீர்க்க விலையையும் இறக்குவார்கள்.